ஷார்ப்ஸ் 1863 கார்பைன்: அசல் கேப்பு துப்பாக்கியா, தோட்டாவுக்கு மாற்றியதா?

குழல்நேசன்:
ஷார்ப்ஸ் நியூ மாடல் 1863 கார்பைன் (குட்டைக்குழல் துப்பாக்கி) ஒன்று ஏலத்துக்கு வருகிறது. எண் "சி" எழுத்தில் தொடங்குகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலக் கேப்பு முறையிலேயே (தனியே பொருத்தும் சிறு வெடிமூடியை அடித்து மருந்தைப் பற்றவைப்பது) இருக்கிறது, யாரும் மாற்றவில்லை என்கிறார்கள். ஆனால் மரக்கட்டையின் இடது பக்கம் ரிப்பன் வடிவில் ஒரு முத்திரை மங்கலாகத் தெரிகிறது. முன்னாடியே போய்ப் பார்க்க அனுமதி உண்டு. எதைப் பார்க்க வேண்டும்?

கந்தகம்:
"சி" என்பது ஒரு லட்சத்தைக் குறிக்கும். சி,12345 என்றால் 1,12,345. அதில் வில்லங்கம் இல்லை. வில்லங்கம் அந்த முத்திரையில்தான். அது "டிஎஃப்சி" (மாற்றியதைச் சோதித்த அதிகாரியின் பெயரெழுத்துகள்) என்று இருந்தால், போருக்குப் பின் .50-70 என்ற அளவுள்ள உலோகத் தோட்டாவுக்கு மாற்றிய சுமார் 31,000 கார்பைன்களில் ஒன்று. இப்போது கேப்பு முறையில் இருக்கிறதென்றால், பிற்காலத்தில் யாரோ திரும்ப மாற்றியிருக்க வேண்டும், அல்லது கட்டை வேறு துப்பாக்கியுடையது.

முதலில் லீவரை இறக்கி, அறை காலியா என்று பாருங்கள். பிறகு குழலுக்குள் விளக்கடித்து, குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்களை எண்ணுங்கள். அசலில் 6. மாற்றும்போது .5225 அங்குலத்துக்கு மேல் தேய்ந்திருந்த குழல்களுக்குள் 3 பள்ளம் கொண்ட உள்குழல் செருகினார்கள். ஆகவே 3 இருந்தால் சந்தேகமே வேண்டாம், மாற்றியதுதான். 6 இருந்தால் மட்டும் அசல் என்று முடிவு கட்டாதீர்கள். தேயாத குழல்களை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

எண்ணெய்த்துணி:
கேப்பை மாட்டும் நிப்பிள் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். அது இருக்கும் பிரீச் பிளாக்கை (குழலின் பின்வாயை மூடும் இரும்புக்கட்டி) மாற்றுவது சுலபம். குழலின் பின்வாயை அப்படி மாற்ற முடியாது. தோட்டா விளிம்புக்காகக் கடைந்த படியும் சுட்ட தோட்டாக்கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டருக்கு வெட்டிய பள்ளமும் அங்கே தெரியும். வெல்டிங் வைத்து அடைத்திருந்தால் அந்த இடத்தின் நிறம் மட்டும் தனியாக நிற்கும். அனுமதித்தால் முன்கட்டையைக் கழற்றி, குழலின் அடியில் உள்ள எண் துப்பாக்கியின் மேல்புறம் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

கந்தகம்:
மாற்றிய கார்பைன் மட்டமில்லை. ராணுவமே செய்தது, அதற்கென்று ஒரு விலை உண்டு. திரும்ப மாற்றியதற்கு அசல் விலை கொடுப்பதுதான் நஷ்டம்.

வாங்கினால் பிளாக் இறுகியிருந்தாலும் சுத்தியலால் தட்டாதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறட்டும். பிறகு வலது பக்கத்து லீவர் ஊசியைத் திருப்பி உருவினால் லீவரும் பிளாக்கும் சேர்ந்து கீழே வரும். கட்டையில் உப்புத்தாள் படவே கூடாது. முத்திரை போனால் ஆதாரமும் போச்சு.