இங்கிலீஷ்ல ரன்னா ஓடுறது மட்டும்தான்னு நெனச்சு மாட்டினவங்க உண்டா?

வேலைக்கு சேர்ந்த புதுசுல பழைய ரெக்கார்டையெல்லாம் அழிக்க ஒரு சின்ன கம்ப்யூட்டர் புரோகிராம் (ஸ்கிரிப்ட்) எழுதி மேனேஜருக்கு அனுப்பினேன், பதிலுக்கு 'ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்'னு ஒத்த வரி வந்துச்சு. நான் அந்த ரன்ன மட்டும் கெட்டியா புடிச்சுகிட்டு, சரி ஓட்டச் சொல்லிட்டார்னு ஓட்டிவிட்டுட்டேன். அழிஞ்சதுல பாதி இன்னும் தேவைப்படுற ரெக்கார்டு. பேக்கப் இருந்துச்சோ பொழச்சேனோ, ராத்திரி முழுக்க உக்காந்து திரும்ப ஏத்தினேன். செய்யறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கிறதுதான் அதுக்கு அர்த்தமாம்.

—

எனக்கு ரன் இன்டு. கூட வேலை பாக்குறவங்க 'ஐ ரான் இன்டு யுவர் பிரதர்'னாங்க, அவங்க அப்பதான் கார்ல வந்து இறங்கினாங்களா, நான் பதறிப்போய் அடி பலமான்னு கேட்டுட்டேன். வழியில எதேச்சையா பாத்தாங்களாம் அவ்ளோதான். வண்டி மோதினாலும் அதே ரன் இன்டுதான், அதனால முழு தப்பும் என் மேல இல்ல 😄

—

ஒண்ணு கவனிச்சீங்களா, நமக்கு ஓடு, ஓட்டுன்னு தனித்தனியா இருக்கு, இங்கிலீஷ் பேசுறவங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே ரன். மெஷின் ஓடினாலும் ரன், மெஷின ஓட்டினாலும் ரன். நம்ம ஓடு மட்டும் என்ன லேசா? படம் ஓடுது, மனசுல என்னமோ ஓடுது, எக்ஸாம் ஹால்ல ஒண்ணுமே ஓடல. ஆனா மூக்கு அவங்களுக்கு ஓடுது, நமக்கு ஒழுகுது. கம்பெனிய அவங்க ஓட்டுறாங்க, நாம 'நடத்து'றோம், நம்ம பிசினஸ் கொஞ்சம் நிதானம் போல. எலெக்‌ஷன்ல அமெரிக்காகாரன் ஓடுறான், பிரிட்டிஷ்காரன் நம்மள மாதிரியே நிக்கிறான். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியோட 1989 பதிப்புல அதிக அர்த்தம் இருந்த வினை 'செட்'ங்கிற வார்த்தைதான், 430. மூணாவது பதிப்புக்காக ரன்ன திருத்தி எழுதினப்போ அது 645க்கு போயிடுச்சு, ஒருத்தர் மாசக்கணக்குல அந்த ஒரு வார்த்தையோடயே மல்லுகட்டியிருக்கார்.

—

எங்க வீட்டுல பிரின்டருக்கு 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்'னேன், பையன் த்ரோ அடிச்சது யாருப்பாங்கிறான்.

—

மொதல்ல எழுதினவன்தான். 645ன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா மேனேஜர்கிட்ட சொல்லியாவது பாத்திருப்பேன். அவர் இப்பல்லாம் எனக்கு மட்டும் 'ஷோ மீ, டோன்ட் டச்'னு எழுதுறார்.