மறு: நடுவிரல் சைகைக்குத் தமிழில் என்ன? (அவசரம்)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

> ஆங்கில வசனத்தில் நடுவிரல் காட்டுவதைக் கொச்சையாக "flipped the bird" என்கிறார்கள். மொழிபெயர்ப்பு இயந்திரம் அதை "பறவையைக் காட்டினான்" என்று தந்திருக்கிறது. நாளை மாலைக்குள் சப்டைட்டில் போய்ச் சேரணும்.

அதை உடனே எடுத்துவிடுங்கள். பார்ப்பவர் திரையில் பறவையைத் தேடுவார். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாடகக் கொட்டகைகளில், பிடிக்காத நடிகரைப் பார்த்து வாத்து மாதிரிச் சீறுவார்கள்; அந்தச் சீறலைத்தான் 'பறவை' என்றார்கள். அந்தப் 'பறவை' விரலுக்கு வந்தது வெகு பிந்தி.

> ரோமானியர் 'நாணமற்ற விரல்' என்றார்கள். ஆகவே நாணாவிரல்!

ஐயா, சொல் அழகாகவே இருக்கிறது. 'நாணாத' என்பதன் ஈறு கெட்டு 'நாணா' ஆன எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணமும் இடிக்கவில்லை. ரோமானியக் கவிஞர் மார்ஷியலின் பாட்டொன்றில், 62 வயதாகியும் படுக்கையில் விழாத கோட்டா, மருத்துவர் மூவருக்கு அந்த விரலைத்தான் காட்டுகிறார். ஆனால் அங்கேயும் வினை 'காட்டு'தான், கவனியுங்கள். இரண்டு நொடி ஓடும் வரியில் நாணாவிரலுக்குப் பொருள் பிடிபடுவதற்குள் காட்சி போய்விடும்.

> சைகை வடசொல். சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையில் 'பிண்டி' இருக்கிறதே?

ஒற்றைக்கை அபிநயம் என்ற அளவில் சரி. அரங்கேற்று காதையில் ஆடலாசான் வகையறிந்து கற்ற கை அது. தெருச் சண்டைக்கு அதை இழுக்க எனக்கு மனம் வரவில்லை. சைகை, செய்கையின் திரிபு என்பது என் கட்சி. அதைத் தனி இழையில் பேசுவோம்.

என் பரிந்துரை: "நடுவிரலைக் காட்டினான்". வகுப்பில் பையன் சுண்டுவிரலைக் காட்டினால் ஆசிரியர் 'போய்ட்டு வா' என்கிறார், விளக்கம் கேட்பதில்லை. நம் 'காட்டு' அவ்வளவையும் சுமக்கும்.

பொதுப்பெயருக்குப் 'பழிப்புச் சைகை'. பழிப்புக் காட்டுவது வீட்டுப் பேச்சிலேயே உண்டு. பிரிட்டனில் புறங்கை தெரியக் காட்டும் இருவிரலும் இதற்குள் அடங்கும். 'எள்ளல்' வேண்டாம்; தொல்காப்பியர் அதை நகைக்குள், அதாவது சிரிப்புக்குள், வைத்திருக்கிறார். இந்த விரலில் நகை இல்லை.

---

> பொதுப்பெயருக்குப் 'பழிப்புச் சைகை'.

ஒப்பவில்லை. பழிப்பு என்றால் குழந்தை நாக்கைத் துருத்துவது. அதற்குத் தாய் சிரிப்பாள். நடுவிரலுக்கு அடி விழும். இது வசை, 'வசைச் சைகை' என்றாவது வையுங்கள். நாணாவிரலையும் நான் இன்னும் கைவிடவில்லை.

---

அனைவருக்கும் நன்றி. "நடுவிரலைக் காட்டினான்" என்றே அனுப்பிவிட்டேன். சொற்பட்டியலில் பொதுப்பெயருக்கான கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.