அத்தை வீட்டுக் கணினி

குழு: சுங்கை சிப்புட், மலேசியா – நம்ம குடும்பம்

அத்தை (இரவு 8:41): குமார், கோயில் திருவிழா ரசீதுக் கணக்கைத் திறந்தாலே ‘மெமரி போதவில்லை, மற்றதை மூடு’ என்று வருகிறது. போன மாதம்தான் ஒரு கடையில் 80 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துச் சரி பார்த்தேன். அதற்கு அப்புறம்தான் இந்தத் தொல்லை.

லதா: டிஃப்ராக் போடுங்கள் அத்தை, டிஸ்க்கில் சிதறியதை ஒன்றாக அடுக்கி வைக்கும். நான் என் மடிக்கணினிக்கு வாரம் இரண்டு தடவை தனி மென்பொருள் வைத்துப் போடுகிறேன்.

குமார்: லதா, உன்னுடையது எஸ்எஸ்டி, சிப்பில் சேமிக்கும் வகை. அதில் சுழலும் தட்டு இல்லை, அடுக்கி வைப்பதால் பெரிய லாபமும் இல்லை. வீணாக எழுதி எழுதித் தேயும். அழித்த கோப்புகளின் இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ‘டிரிம்’ வேலையை விண்டோஸ் தானாகவே செய்துகொள்ளும். அந்த மென்பொருளை எடுத்துவிடு.

குமார்: அத்தை, ஸ்டார்ட்டில் ‘டிஃப்ராக்’ என்று தட்டுங்கள். ‘மீடியா டைப்’ என்ன காட்டுகிறது?

அத்தை: ஹார்ட் டிஸ்க் டிரைவ். 31 சதவீதம் ஃபிராக்மென்டட். கீழே ஷெட்யூல் ஆஃப்.

சித்தப்பா: ஃபைல் உடைந்துவிட்டதா?

குமார்: உடையவில்லை சித்தப்பா, சிதறிக் கிடக்கிறது. தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பால் எடுத்ததை நினைத்துப் பாருங்கள். நிரை, அதாவது அவருடைய மர வரிசை, ஒரே இடத்தில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். பத்து மரம் இங்கே, பத்து மரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றால் மரம் சீவுவதைவிட நடைதான் அதிகம். டிஸ்க்கில் படிக்கும் முனையும் அப்படித்தான் அலைகிறது. டிஃப்ராக் அந்த நிரையை ஒன்றாகச் சேர்க்கும்.

சித்தப்பா: அப்பா அந்த நடையைச் சொல்லாத நாள் இல்லை. புரிந்தது.

குமார்: ஆனால் அத்தைக்கு வரும் செய்திக்குக் காரணம் வேறு. அத்தை, ஸ்டார்ட்டில் ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ தேடுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, வர்ச்சுவல் மெமரி, சேஞ்ச்.

அத்தை: ‘கஸ்டம் சைஸ்’. இரண்டு கட்டத்திலும் 200.

குமார்: இதுதான்! உங்கள் ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளை வைத்திருக்கும் மெமரி, 4 ஜிபி. குரோமும் எக்செலும் சேர்ந்தாலே நிரம்பிவிடும். அப்போது உடனே தேவைப்படாததை விண்டோஸ் சி டிரைவில் பேஜ்ஃபைல் என்ற கோப்பில் இறக்கி வைக்கும். அதை அந்தக் கடையில் வெறும் 200 எம்பிக்குச் சுருக்கியிருக்கிறார்கள். இறக்க இடம் எங்கே? டிஸ்க்கில் இடம் மிச்சம் பிடிக்க இப்படிச் செய்வதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. ஊர்க் காசுக் கணக்கு, சேமிக்கும் முன் போயிருந்தால்?

லதா: ரேமைப் போல ஒன்றரை மடங்கு வைக்கச் சொல்வார்களே?

குமார்: அது பழைய கணக்கு. மேலே ‘ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்’ கட்டத்தில் டிக் வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள் அத்தை. அப்புறம் வீடியோக்களைப் பென்டிரைவுக்கு மாற்றுங்கள், டிஃப்ராக்குக்குக் காலி இடம் வேண்டும். ஷெட்யூலை வாரம் ஒரு முறை என்று ஆன் செய்துவிட்டு, ‘ஆப்டிமைஸ்’ அழுத்திப் படுத்துவிடுங்கள். இடி மழை என்றால் இன்று வேண்டாம், பாதியில் கரண்ட் போய்விடலாம்.

அத்தை: வானம் தெளிவாக இருக்கிறது. போட்டுவிட்டேன்.

அத்தை (காலை 7:10): குமார், கணக்கு திறந்துவிட்டது! அந்தச் செய்தி வரவில்லை. குரோமும் சேர்ந்தால் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது.

குமார்: இழுக்கத்தான் செய்யும். பேஜ்ஃபைல் ரேமுக்கு ஈடாகாது. 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டால்தான் தீரும். அடியில் இருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள். சனிக்கிழமை வரும்போது திருப்புளி கொண்டு வருகிறேன்.

அத்தை: சரிப்பா, இதோ எடுக்கிறேன்.