பொருள்: ‘பின்னப் படிகமாக்கல்’ – வேறு சொல் வேண்டும் (டிசம்பர் 26 குறிப்புக்காக)

அனைவருக்கும் வணக்கம்.

வேதியியல் நாட்குறிப்பில் டிசம்பர் 26-க்கான பத்தியை எழுதுகிறேன். 1898-இல் அந்த நாளில்தான் மேரி கியூரி, பியேர் கியூரி, குஸ்தாவ் பெமோன் மூவரின் ரேடியம் அறிவிப்பு பாரிஸ் அறிவியல் கழகத்தில் வைக்கப்பட்டது. ‘பின்னப் படிகமாக்கல் முறையில் ரேடியம் பிரிக்கப்பட்டது’ என்று பாடநூல் வழக்கில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பின்னம் என்றாலே பிள்ளைகளுக்கு அரை, கால், முக்கால்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாள வழியில் படிக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. காய்ச்சி வடிப்பதில் இதே போன்ற முறையை அவர்கள் ‘அம்சிக ஸ்வேதனம்’ என்கிறார்கள். அம்சம் அவர்களுக்குப் பேச்சிலேயே இருக்கிற சொல்.

பின்னம் பிழையான சொல் என்று நான் சொல்லவில்லை. பின்னப்பட்ட சிலை என்கிறோமே, அந்த உடைதல், பிளத்தல் பொருளில்தான் அது இங்கே வந்தது. ஆனால் வகுப்பில் கணக்குப் பாடம் அதை மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டது. அதைவிடப் பெரிய குறை, அது முறைக்கு மட்டும் பெயர் தருகிறது, முறையில் கிடைக்கிற பொருளுக்குத் தரவில்லை. கியூரி செய்த வேலையை விளக்க அந்தப் பெயர்ச்சொல்தான் அடிக்கு ஒரு தடவை வேண்டியிருக்கிறது.

வேலை இப்படி. பேரியம் குளோரைடும் அதில் துளியூண்டு ரேடியம் குளோரைடும் கலந்த உப்பைக் கொதிக்கும் வடிநீரில் கரைத்து, மூடிய கிண்ணத்தில் ஆறவிட வேண்டும். அடியில் படிகம் ஒட்டிப் பிடிக்கும், மேலே தெளிந்த கரைசல் நிற்கும். சாய்த்து ஊற்றினால் இரண்டும் பிரிந்துவிடும். ரேடியம் குளோரைடின் கரைதிறன் குறைவு. அதனால் படிகத்தின் கதிரியக்கம், கரைசலை வற்றவைத்துக் கிடைக்கும் உப்பைவிட ஏறக்குறைய 5 மடங்கு. அவ்வளவுதான், ஒரு தடவையில் அதற்கு மேல் கிடைக்காது. இப்போது கையில் இருப்பவை செறிந்தது ஒன்று, நலிந்தது ஒன்று. இரண்டையும் தனித்தனியே மறுபடி கரைத்து ஆறவிட்டால் நான்காகும். செறிந்ததிலிருந்து வந்த கரைசலும் நலிந்ததிலிருந்து வந்த படிகமும் ஏறக்குறைய ஒரே வலுவில் இருப்பதால், அந்த இரண்டையும் ஒன்றாக்கி மூன்றாகக் குறைக்க வேண்டும். இப்படியே வரிசை நீளும். வால் முனையில் கதிரியக்கம் அற்றுப்போனதும் அதை ஒதுக்கிவிடலாம், தலை முனையில் செறிந்ததை எடுத்து வைக்கலாம். பின்னால் உப்பின் அளவு சுருங்கச் சுருங்க, தண்ணீரில் கரைத்தால் கரைசல் மிகச் சிறிதாகிக் கையாள முடியாமல் போகும். அப்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் கரைதிறனைக் குறைத்தார்கள்.

இந்த வரிசையில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் பெயர் வேண்டும். என் முன்மொழிவு ‘கூறு’. மீன் சந்தையில் குவியல் குவியலாகப் பிரித்துப் போட்டு ‘கூறு நூறு ரூபாய்’ என்று விற்பார்களே, அந்தக் கூறு. தலைக்கூறு, நடுக்கூறு, வால்கூறு என்று பேசலாம். முறைக்குக் ‘கூறிட்டுப் படிகமாக்கல்’.

– களியக்காவிளை

*

அண்ணாச்சிக்கு வணக்கம்.

‘கூறு’ காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அதைத் தனியாக விடக்கூடாது. திண்மம், நீர்மம், வளிமம் போன்ற நிலைமைகள் எப்போது சேர்ந்து இருக்கும் என்று சொல்கிற நிலைமை விதியில் (phase rule) ‘கூறு’ என்ற சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. அங்கே கூறு என்றால் கலவையில் உள்ள தனிப்பொருள். இங்கே நாம் பேசுகிற குவியலோ தனிப்பொருளே இல்லை. தலைக்கூறில் பேரியமும் உண்டு, வால்கூறில் ரேடியமும் உண்டு, விகிதம்தான் மாறுகிறது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் பதினோராம் வகுப்பில் பிள்ளைகள் திணறுவார்கள்.

இன்னொன்று, சாதாரண மறுபடிகமாக்கலிலிருந்து இது எங்கே விலகுகிறது என்பதைச் சொல்லாமல் எந்தச் சொல் வைத்தாலும் பயனில்லை. 50 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டில் 5 கிராம் கறியுப்பு கலந்திருக்கிறது என்று வையுங்கள். 50 மில்லி தண்ணீரில் 60 டிகிரியில் கரைத்து 20 டிகிரிக்குக் குளிர வைத்தால் சுமார் 34 கிராம் நைட்ரேட் படிகமாகிவிடும். கறியுப்பு முழுவதும் கரைசலில் நிற்கும். படிகத்தில் ஒட்டிய ஈரத்தை 5 மில்லி குளிர்ந்த நீரால் அலசினால் முடிந்தது, ஒரே தடவை போதும். அவசரமாகக் குளிர வைத்தால் பொடிப்பொடியாக விழுந்து கரைசலை உள்ளே அடைத்துக்கொள்ளும். சில்வர் நைட்ரேட் விட்டால் வெண்கலங்கல் வந்து காட்டிக்கொடுக்கும்.

பேரியமும் ரேடியமும் அப்படி விலகா. இரண்டு குளோரைடுகளும் ஒரே படிக அமைப்பு உடையவை. ஒரே படிகத்துக்குள் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காரும். எவ்வளவு அலசினாலும் வெளியே வராது. ஆகவேதான் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. 1911-இல் சார்லஸ் ஜேம்ஸ் தூலியம் என்ற தனிமத்தின் புரோமேட் உப்பைத் தூயதாக எடுக்க 15,000 தடவை படிகமாக்கினார் என்றால் காரணம் இதுதான்.

கதிரியக்கம் இல்லாமல் வகுப்பிலேயே காட்ட ஒரு வழி உண்டு, குறிப்பில் சேர்க்கலாம். கடையில் கிடைக்கும் படிகாரம் 30 கிராம், குரோம் படிகாரம் 6 கிராம், தண்ணீர் 100 மில்லி. 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறக்கூடாது. ஏறினால் குரோம் கரைசல் ஊதாவிலிருந்து பச்சைக்கு மாறும், பிறகு ஒழுங்காகப் படிகமாகாது. மூடி வைத்து இரவு முழுக்க ஆறவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் அறை 30 டிகிரி இருந்தாலும் படிகாரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே வரும். படிகம் வெளிர் ஊதா, கரைசல் அடர் ஊதா. படிகத்தைப் புதுத் தண்ணீரில் கரைத்து மறுபடி ஆறவிட்டால் இன்னும் வெளிரும். நாலைந்து கிண்ணங்களை வரிசையாக வைத்தால் தலையும் வாலும் நிறத்திலேயே தெரியும்.

– பாறசாலை

*

டீச்சருக்கு வணக்கம்.

நிலைமை விதி பற்றிய தடை சரியானது, ஏற்கிறேன். முன்னொட்டு வைத்தால் தீர்ந்துவிடும். காய்ச்சி வடித்து எடுப்பது வடிகூறு, படியவைத்து எடுப்பது படிகூறு. முறைகள் முறையே வடிகூறாக்கம், படிகூறாக்கம். வெறும் ‘கூறு’ நிலைமை விதிக்கே இருக்கட்டும். படிதல் என்ற வினை வெளிப்படையாக இருப்பதால் படிகமாக்கல் என்று தனியே நீட்டவும் வேண்டாம். ‘பின்னப் படிகமாக்கல்’ தேர்வில் கேட்கப்படுகிற சொல், ஆகவே முதல் தடவை வரும்போது அதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். படிகம் போக மேலே நிற்கிற கரைசலுக்குத் தாய்க்கரைசல் என்பதே நிலைக்கட்டும்.

படிகாரச் சோதனையை அப்படியே சேர்க்கிறேன். கூடவே நம் கடற்கரைக்கும் ஒரு வரி வேண்டும். 1885-இல் வியன்னாவில் கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக், டிடிமியத்தை ஒற்றைத் தனிமம் என்று நம்பியிருந்த காலத்தில், அதன் அம்மோனியம் இரட்டை நைட்ரேட்டைப் படிகூறாக்கி பிரசியோடிமியம், நியோடிமியம் என்று இரண்டாக்கினார். அவரே உருவாக்கிய வாயு விளக்கு மாண்டிலில் (சுடரில் ஒளிரும் வலைக்கூட்டில்) தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. அந்தத் தோரியத்துக்காகத்தான் உலகம் மோனசைட்டைத் தேடியது. தோரியத்தோடு நியோடிமியமும் சேர்ந்திருக்கிற மணல் கனிமம் அது. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்து ஜெர்மன் வேதியியலர் ஷோம்பெர்க் 1909-இல் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்ததும் அந்தத் தேடலில்தான். மணவாளக்குறிச்சிப் பிள்ளைக்குக் காலடி மணலில் நியோடிமியம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆலுவாயில் 1952-இல் தொடங்கிய மோனசைட் ஆலை பற்றி வேறொரு நாளில் எழுதலாம்.

பாடநூல் நடையில் ஒரு திருத்தமும் செய்திருக்கிறேன். 1898-இல் ரேடியம் தனியாகப் பிரிக்கப்படவில்லை. கதிரியக்கமும், நிறமாலை வல்லுநர் டெமார்சே கண்ட புதிய நிறமாலைக் கோடும்தான் சான்று. ஆகப் பத்தி இப்படிப் போகும்:

“டிசம்பர் 26, 1898: ரேடியம் அறிவிக்கப்பட்டது. போஹீமியாவின் யோகிம்ஸ்தால் யுரேனியச் சுரங்கக் கழிவிலிருந்து பேரியத்தோடு சேர்ந்து வந்த அதை, மேரி கியூரி படிகூறாக்கத்தால் (பாடநூலில்: பின்னப் படிகமாக்கல்) செறிவாக்கினார். 1902-இல் கிடைத்த ரேடியம் குளோரைடு சுமார் 0.1 கிராம், அதிலிருந்து கணித்த அணு எடை 225. இன்றைய மதிப்பு 226. உலோகமாகக் கிடைத்தது 1910-இல், ஆந்த்ரே டெபியெர்னுடன் சேர்ந்து பாதரச மின்முனை வைத்து மின்னாற்பகுத்தபோது.”

அச்சுக்குப் போவதற்குள் ‘படிகூறு’ மீது தடை இருந்தால் எழுதுங்கள்.

– களியக்காவிளை