எல்க் (பெரிய வகை மான்) வேட்டைக்கு எந்த முதுகுப்பை? கறியோடு இறங்கும்போது நடந்ததை எழுதுங்கள்

பதிவு 1
அமெரிக்காவின் கொலராடோ, 10,500 அடி உயரம். முதல் பின்தொடை எலும்போடு பையில் ஏறியது, சுமார் 30 கிலோ. 200 அடிகூட இறங்கவில்லை, இடுப்புப் பட்டை நழுவிவிட்டது. மொத்த எடையும் தோளில் தொங்க, வார் தோளை அறுத்து, விரல் நுனி மரத்துப்போன அந்த நிமிடம்தான் இன்னும் உறுத்துகிறது. பை 80 லிட்டர். துணி, ஜிப் இரண்டிலும் குறையில்லை. தவறு பிரேமில். சாதாரண டிரெக்கிங் பைக்குள் இருக்கும் மெல்லிய அலுமினியப் பட்டை 18, 20 கிலோ வரை நிற்கும். அதற்கு மேல் வளைந்து குறுகும். பிரேம் குறுகியபின் லோட் லிஃப்டரை (தோள்வாரின் மேலிருந்து பிரேமின் உச்சிக்குப் போகும் சிறு வார்) எவ்வளவு இழுத்தாலும் தோளிலிருந்து எடை எழும்பாது. லிட்டரைப் பார்த்து வாங்காதீர்கள், பிரேமைப் பாருங்கள்.

பதிவு 2
நண்பரே, பிரேமைக் குறை சொல்லுமுன் முதுகை அளந்தீர்களா? தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இரண்டு இடுப்பெலும்பு மேடுகளையும் இணைக்கும் கோடு வரை டேப் வைக்க வேண்டும். ஆளின் உயரம் இதைச் சொல்லாது.

மலையடிவாரப் பார்க்கிங்கில் கண்ட ஒரு பை மறக்கவில்லை. நெடிய ஆள், 24 அங்குல பிரேம். லோட் லிஃப்டர் வார் தோளுக்கு மேலே எழாமல் தட்டையாகப் பின்னால் ஓடியது. அது 30 முதல் 45 டிகிரி சாய்வில் மேலே ஏற வேண்டும். அவருக்கு 26 அங்குலம் தேவைப்பட்டிருக்கும். இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி எலும்பு மேட்டின் மேலேயே உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல.

பதிவு 3
கறியைப் பைக்குள் அடியில் திணித்து, ஸ்லீப்பிங் பேக் முழுக்க ரத்தம் ஊறிய காட்சி எனக்கு. பைக்கும் பிரேமுக்கும் நடுவில் இருக்கும் மீட் ஷெல்ஃப் இதற்காகத்தான். பக்கவார்களைத் தளர்த்தி, கறிமூட்டையைப் பிரேமோடு ஒட்டி, தோள்பட்டை எலும்புகளின் மட்டத்தில் வைத்து இறுக்க வேண்டும். கீழே தொங்கினால் ஆளைப் பின்னுக்கு இழுக்கும்.

எலும்பு நீக்கிய கறி இன்னும் மோசம். ஒரே மூட்டையில் 25 கிலோ கட்டினால், ஒரு கிலோமீட்டருக்குள் எல்லாம் அடியில் வழிந்து சேரும். இரண்டாகப் பிரியுங்கள். அடியில் துணிப்பையைத் திணித்து உயரம் கொடுத்து, மேலே வார்களைக் குறுக்காகப் பெருக்கல் குறி போலக் கட்டுங்கள். எலும்போடு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பதிவு 4
மூன்றாம் பதிவோடு உடன்பாடில்லை. 5 கிலோமீட்டருக்கு மேல் நடை என்றால் எலும்பைச் சுமப்பது வீண். வளர்ந்த ஆண் எல்க்கில் எலும்பு நீக்கியே 80 கிலோவுக்கு மேல் வரும், ஒருவருக்கு நான்கு நடை. ஆனால் கொலராடோவில் ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளம் கறியோடு இயற்கையாக ஒட்டியே இருக்க வேண்டும். அதை அறுத்துவிடாதீர்கள்.

பதிவு 5
பனிக்காலையில் பையைப் பாறையில் சாய்த்து எழுந்தபோது இடுப்பு பக்கிள் பல் முறிந்த சத்தம். அவ்வளவுதான். திருகி மாட்டும் மாற்று பக்கிள் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும், தையல் தேவைப்படாது. வாங்குமுன் வாரின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 38 மில்லிமீட்டர் பக்கிள் 50 மில்லிமீட்டர் வாருக்குப் பயன்படாது.

பதிவு 6
இதுவரை யாரும் கேட்காததையும் சொல்கிறேன். கறியை பிளாஸ்டிக் பையில் கட்டவே கூடாது. உடல்சூடு உள்ளேயே தங்கி எலும்பையொட்டிப் புளித்துவிடும். காற்று புகும் துணிப்பைதான். முதல் நடைக்கு முன் மீதியை நிழலில், தரையில் படாமல் தொங்கவிடுங்கள்.

வயோமிங், மொன்டானா பக்கம் கிரிஸ்லி கரடி உண்டு. கரடியை விரட்டும் ஸ்பிரேயைப் பையின் பின்ஜேபியில் வைப்பது வைக்காததற்குச் சமம். இடுப்புப் பட்டையிலோ நெஞ்சு வாரிலோ, ஒரு கையால் உருவும்படி மாட்டுங்கள். கொலராடோ துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ உடுத்த வேண்டும், தலையிலும் வேண்டும். பெரிய பை முதுகில் ஏறினால் அந்த உடுப்பின் பின்பக்கம் மறைந்துபோகும். அதனால் பைக்கும் ஓர் ஆரஞ்சு உறை போடுங்கள். கறி சுமந்து குனிந்து போகிறவர் தூரத்திலிருந்து மனிதராகத் தெரியமாட்டார்.

வாங்கியதும் லேபிளைக் கிழிக்காமல் வீட்டில் சோதியுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் 20 பவுண்டு அரிசி மூட்டை மூன்றை ஷெல்ஃபில் கட்டினால் 27 கிலோ. ஒரு மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். ஏறும்போது வலிக்காதது இறங்கும்போது வலிக்கும், அதைக் கவனியுங்கள். இடுப்புப் பட்டையை இரண்டு தடவைக்கு மேல் இழுத்து இறுக்க வேண்டியிருந்தால் அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.