திருமலையைப் பார்க்க வழிகாட்டியா, வழியில் கிடைத்த நட்பா?

மதுரைக்காரன்:
இலங்கையில் திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்குப் போகிறவர்கள் வழிகாட்டிக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பேன். கோணேஸ்வரம் கோயில், கன்னியா வெந்நீரூற்று, புறாத்தீவு எல்லாவற்றுக்கும் கேட்டுக் கேட்டே போய்விடலாம். ஆனால் ஊரைக் காட்ட ஊர்க்காரர்தான் வேண்டும். கடற்கரையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். "தமிழ்நாடோ? சாப்பிட்டாச்சோ?" என்றவர், வீட்டுக்கே கூட்டிப்போய்ப் பிட்டும் மீன்குழம்பும் போட்டார். அப்புறம் கோட்டைக்கு வந்தார். 1620களில் போர்த்துக்கேயர் கோணேஸ்வரம் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டியதை, சுவரைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். நான் படித்திருந்த விஷயம்தான். அவர் சொன்னபோது, தன் வீட்டை இடித்ததைச் சொல்வது போல இருந்தது. எந்த வழிகாட்டி அப்படிச் சொல்வார்?

உப்புவெளிப் பிள்ளை:
நான் இந்த ஊர். அண்ணா, அந்தப் பிட்டை அவித்தது யார் என்று நீங்கள் எழுதவில்லை. வாசலில் திடீரென்று விருந்தாளி வந்து நின்றால் தேங்காய் துருவுவதும் குழம்பு வைப்பதும் வீட்டுப் பெண்கள்தான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சாமான் விலை பழைய இடத்துக்கு வரவேயில்லை. இன்னொன்று, கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டம்பர் வரைதான் வெளிநாட்டார் வருகிறார்கள். மீன்பிடிக்காரர் உழைக்கும் காலமும் அதுதான். வாடைக்காற்று தொடங்கினால் படகு கரையில். உங்களோடு சுற்றிய நாளுக்கு அவருக்கு என்ன கூலி?

மதுரைக்காரன்:
காசு நீட்டினேன் தங்கச்சி, அவர் வாங்கவில்லை. வற்புறுத்தினால் அவமானப்படுத்துவதாக ஆகிவிடும்.

சென்னை வாசகி:
மதுரைக்காரர் சொல்வது ஆண்களுக்குச் சரி. தனியாகப் போகும் பெண் முன்பின் தெரியாதவர் வீட்டுக்குப் போக முடியுமா? நான் விடுதிக்கார அக்காவிடம் சொல்லி, அவருக்குத் தெரிந்த ஓட்டோவில்தான் போனேன். அதிலும் நட்பு கிடைத்தது.

மூதூரான்:
எனக்கு வேறு குறை. நீங்கள் பார்த்தது அந்த அண்ணனின் திருமலை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழும் மாவட்டம் இது. கடற்கரையில் கிடைத்த நண்பர் தன் தெருவை, தன் கோயிலைத்தான் காட்டுவார். முஸ்லிம்கள் அதிகம் வாழும் கிண்ணியாவுக்குப் பாலம் 2009இல் திறந்தாயிற்று, முன்பு போல் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இருந்தும் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் கடைகளிலும் தேநீர் கொடுத்துக் கதை கேட்பார்கள்.

மதுரைக்காரன்:
அது நியாயம். ஆனால் சுற்றுலா வண்டியும் அங்கே நிற்பதில்லையே! அந்தக் குறைக்கு மருந்து இன்னும் நாலு பேரோடு பழகுவதுதான், பழகாமல் இருப்பது இல்லை.

உப்புவெளிப் பிள்ளை:
பழகுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் இரண்டாவது தேநீருக்குள், "போரில் உங்கள் வீட்டில் யார் இறந்தார்கள்?" என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் அம்மாவிடம் அப்படித்தான் கேட்டார். அம்மா பதில் சொன்னார், அன்றிரவு தூங்கவில்லை. வந்தவர் மறுநாள் நிலாவெளிக் கடற்கரைக்குக் குளிக்கப் போய்விட்டார். பணம் வாங்கும் வழிகாட்டியிடம் என்ன கேட்டாலும் அது அவர் தொழில். வீட்டில் சோறு போட்டவரிடம் அவராகச் சொல்லும் வரை பொறுத்திருங்கள். காசு வாங்க மாட்டார்களென்றால் போகும்போதே பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிப் போங்கள். எடுத்த படத்தை அனுப்புவதாகச் சொன்னால் அனுப்புங்கள். அம்மா இன்னும் கேட்கிறார்.