சூடானதும் ஒரு சிலிண்டர் அடங்கிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. அப்பா தொண்டியில் ஓட்டிய பழைய அவுட்போர்டு இன்ஜின் (படகின் பின்பக்கம் மாட்டுவது) இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், மண்ணெண்ணெயில் ஓடுவது. ஸ்பார்க்குக்குப் பாயிண்ட் (திறந்து மூடும் சுவிட்ச்), கண்டன்சர் வைத்த காலத்து மாடல்.

பெட்ரோலில் மூன்றாவது இழுப்பிலேயே பிடித்துவிடும். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவேன். இருபது நிமிடம் நன்றாக ஓடும். அப்புறம் மேல் சிலிண்டர் அடங்கி, படகு நொண்டும். கழற்றினால் அந்த பிளக் மட்டும் ஆயிலில் நனைந்து கன்னங்கரேல் என்று இருக்கும். இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிப் போட்டேன், அப்போதும் மேல் சிலிண்டர்தான். முழுக்கப் பெட்ரோலிலேயே ஓட்டினேன், அதே கதை. ஆறியபின் நீலமாகப் பளிச்சென்று வரும் ஸ்பார்க், சூட்டில் மஞ்சளாக மங்கிவிடுகிறது. அதனால் ஸ்பார்க்குக்கு மின்சாரத்தை ஏற்றித் தரும் காயில் அல்லது கண்டன்சர் மேல்தான் சந்தேகம். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறது. தண்ணீர் பம்பின் இம்பெல்லர் போன மாதம்தான் மாற்றினேன்.

சூட்டில் காயிலைச் சோதிப்பது எப்படி? பாயிண்டைப் பார்க்க அதன் மேல் இருக்கும் கனமான சக்கரத்தை, அதாவது ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். பக்கத்து வீட்டு மாமா சுத்தியலால் இரண்டு தட்டு தட்டச் சொல்கிறார். எனக்குப் பயம், உள்ளே இருப்பது காந்தம். ராமநாதபுரம் பக்கம் யாரிடமாவது அதை இழுத்துக் கழற்றும் புல்லர் இருந்தால் ஒரு நாள் தாருங்கள்.

இன்னொன்று: கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்து வருகிறது, தண்ணீர் புகுகிறது போல. புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீலை மட்டும் மாற்றினால் போதுமா?